பெரியண்ணன் போட்ட ஒயர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலை மேல் அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் எழுதியதெல்லாம் பேட்டரி மேல் சாக்கட்டியால் வண்டிக்காரர் பேர், அவ்வளவுதான். பிழையைத் திருத்திக் கொடுப்பதாகக் குமாரின் மகள் சொல்லியிருக்கிறாள். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குமார் எனக்குப் பிறகு சோளக்காடு ஊரில் என் ஒயரிங் ஷெட்டை நடத்துகிறவர். மலையில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆளுங்க அனுபவம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிற ஆள் நான். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெகு நாள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதும் இதிலேயே வரும்.

நான் வேலையை விட்டதற்குக் காரணம் சர்க்கரை. விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஒயரைத் தொட்டால் சூடு தெரிவதில்லை. ஒயரிங் வேலை செய்கிறவனுக்கு அது தெரியவில்லை என்றால் ஷெட்டில் அவன் நிற்பதே ஆபத்து. வயது ஒன்றும் அதிகமில்லை, ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. நானே சாவியைக் குமாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் அவ்வப்போது ஷெட்டுப் பக்கம் போவேன். அங்கே பையன்கள் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். வேலை முடித்து அனுப்பிய வண்டி மறுபடியும் அதே குறையோடு திரும்பி வந்தால், "என்னடா, பெரியண்ணன் ஒயரா?" என்று ஒருவனை ஒருவன் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களில் யாரும் பெரியண்ணனைப் பார்த்ததில்லை. அந்தப் பேச்சு எப்படி வந்தது என்றும் தெரியாது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்கு நெஞ்சில் ஒரு பல்லி விழுந்த மாதிரி இருக்கும். எழுந்து வந்துவிடுவேன்.

பெரியண்ணன் என் மேஸ்திரி. சோளக்காட்டில், பழக்கடைகளைத் தாண்டி பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஷெட் இருந்தது. அதுதான் பிறகு என்னிடம் வந்து, இப்போது குமாரிடம் இருக்கிறது. நான் முதலில் லாரியில் கிளீனர், பிறகு ராசிபுரத்தில் ஒரு பேட்டரிக் கடை, பிறகு அவரிடம் கையாள். தொழில் கற்ற கதையெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன். அவர் வேலை செய்கிற விதத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

வண்டி வந்தவுடன் பானட்டைத் தூக்க மாட்டார். முதலில் கையைக் கழுவுவார். கழுவிக்கொண்டே வண்டிக்காரரைக் கேள்வி கேட்பார். "ஏனுங்க, எப்பப்பப் போகுதுங்க? ஏறயிலயா, எறங்கயிலயா? கடைசியா இந்த வண்டியில கை வெச்சது யாருங்க, என்ன வேலைக்குங்க?" கடைசிக் கேள்விதான் அவருக்கு முக்கியம். ஓடிக்கொண்டிருந்த வண்டி சும்மா கெடாது, கடைசியாக எங்கே கை பட்டதோ அங்கேதான் குறை இருக்கும் என்பது அவர் கணக்கு.

அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு தடவை பலாப்பழம் ஏற்றுகிற ஜீப் ஒன்று வந்தது. டிரைவர் உட்கார்ந்தால் ஹாரன் அடிக்கும், எழுந்தால் நிற்கும். "பேய் புடிச்சிருக்குதுங்க மேஸ்திரி" என்றான் டிரைவர். "உன்னயப் பாத்து வண்டியே கத்துதுன்னா நீ எவ்வளவு கனமா இருக்கோணும்" என்றார் இவர். விசாரித்தால் முந்தின வாரம் புது சீட் கவர் அடித்திருக்கிறார்கள். ஆணி ஒன்று கீழே போகும் ஒயரில் ஏறியிருந்தது. இன்னொரு தடவை வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வந்த வெளியூர்க்காரர் வண்டி. பாட்டுப் பெட்டி புதிதாக மாட்டியதில் இருந்து பேட்டரி நிற்கவில்லை. மேஸ்திரி பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் மட்டும்தான் கை விட்டார். குறை அங்கேயே இருந்தது.

கேள்வி முடிந்ததும் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுவார். கழற்றியதைச் சும்மா விடாமல் ஒரு துணியால் மூடிக் கட்டுவார். அவசரம் என்று யார் கத்தினாலும் அந்தத் துணி இல்லாமல் அடுத்த வேலை கிடையாது. பிறகு ஒயரைத் தொட்டுக்கொண்டே போவார், கிட்டத்தட்ட நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி.

டேப் சுற்றுவதில்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் சரிபாதி ஏறியிருக்கும். சுருக்கம் இருக்காது. டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. அவர் கத்தரியால்தான் வெட்டுவார். வெட்டிய முனையைத் துளி மடித்து ஒட்டாமல் விடுவார். "நாளைக்கு இத எவனோ பிரிப்பான் கண்ணு. அவன் நகம் தேயாம இருக்கட்டும்" என்பார். முப்பது வயது தாண்டிய என்னையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

இனி அந்தக் கார்.

அரியூர் நாட்டில் வேலுச்சாமி என்று ஒரு மிளகு வியாபாரி. பழைய அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். ஒரு கார்த்திகை மாதம், மேகம் இறங்கியிருந்த நேரத்தில் மலையேறி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரில் மோதிவிட்டார். முன்பக்கம் நசுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி கந்தசாமிக்கு முழங்கால் போய்விட்டது. கட்டுப் போட்டும் அந்தக் கால் நேராகவில்லை.

கீழே டிங்கரிங் வேலை முடித்து, பெயிண்ட் அடித்து, ஒயரிங்குக்காக எங்களிடம் கொண்டு வந்தார்கள். முன்பக்க ஒயர் முழுவதும் மேஸ்திரி புதிதாக இழுத்தார். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஃபியூஸ் பெட்டிக்கு வருவது எல்லாம். டேஷ்போர்டில் மீட்டர் விளக்கு எரியவில்லை என்பதால் அதை நான் கழற்றி பல்பு மாற்றினேன். உள்ளே தூசியைத் துடைத்துவிட்டு மூடினேன். தூசி தவிர அங்கே ஒன்றும் இல்லை. இது முக்கியம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

வண்டி நல்லபடியாகப் போனது. நான்கைந்து நாளில் திரும்பி வந்தது. மலையிறங்கும்போது ஃபியூஸ் போய்விட்டது. அந்த ஒரே ஃபியூஸில்தான் பிரேக் லைட், வைப்பர், மீட்டர் எல்லாம் ஓடுகின்றன. மழையில் வைப்பர் நின்றுபோய், பின்னால் வந்த லாரிக்குப் பிரேக் லைட் தெரியாமல், இடிக்க இருந்து தப்பித்திருக்கிறார்கள். மேஸ்திரி பார்த்தார். ஷெட்டில் நிற்கும்போது எந்தக் குறையும் இல்லை. சோளக்காடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தாலும் இல்லை. புது ஃபியூஸ் போட்டு அனுப்பினோம். மறுபடி இறங்கும்போது மறுபடி போனது.

கடைசியாகக் கை வைத்தது யார் என்ற கேள்விக்கு இந்தத் தடவை பதில் அவரேதான். நான் பல்பு மாற்றியதை அவர் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. அதனால் அவர் தன் வேலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. தான் போட்ட ஒயரைத் தானே பிரித்தார். ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்த்து மறுபடி சுற்றினார். மூன்றாவது தடவையும் வண்டி வந்தபோது முழு முன்பக்க ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தார். அதுவும் போனது.

நான்காவது தடவை வந்தபோது வேலுச்சாமி பஸ் நிற்கிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கத்தினார். அன்னாசி வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு குடும்பத்தையே கொல்லப் பாக்கறீங்களா மேஸ்திரி? கண்ணு தெரியலீனா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான?"

காருக்குள் இருந்து கந்தசாமி தலையை நீட்டினான். கால் நீட்டியபடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். "அண்ணா, அவருக்கு என்ற இன்னொரு காலும் வேணுமாம், கேட்டுப் பாருங்க" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மேஸ்திரி கையைக் கழுவ எழுந்தவர், கழுவாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் என்னிடம், "நீ பாரு கண்ணு. எனக்குக் கை போயிருச்சாட்ட இருக்குது" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நான் வேலுச்சாமியிடம் போய், வண்டியில் நான் கூட வந்து பார்க்கிறேன் என்று கேட்டேன். கந்தசாமியை வீட்டில் இறக்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினோம்.

நான் செய்தது இதுதான். ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை ஒயர் வைத்து மாட்டினேன். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போவதற்குப் பதிலாகப் பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் கருகாது. சாதாரணமாக மீட்டருக்குப் போகிற கரண்டில் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். பிரேக் மிதித்தாலும் பல்பு எரிந்து ஏமாற்றும் என்பதால் பிரேக் லைட் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். அப்புறம் வைப்பர் ஒயரைக் கழற்றினேன். அந்த ஃபியூஸில் இருந்து மேஸ்திரி இழுத்த கிளை ஒவ்வொன்றையும் கழற்றினேன். பல்பை நீள ஒயரில் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டேன். பிரேக் லைட் இல்லாமல் முழுசாக இறங்க முடியாது. மேலே இருக்கிற சில வளைவுகளில் மட்டும், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

முதல் வளைவு வலது பக்கம். ஒன்றும் இல்லை. அடுத்தது இடது பக்கம். திரும்பும்போது என் மடியில் பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அடுத்த வலதில் இல்லை. அடுத்த இடதில் மறுபடி எரிந்தது.

"என்னப்பா அது, மின்னாம்பூச்சியாட்ட?" என்றார் வேலுச்சாமி.

"அதாங்க ஷார்ட்டு. இடது பக்கம் திருப்புனா வருதுங்க."

"எங்கயோ வந்துட்டுப் போகுது. சரி பண்ணு, அது போதும்."

எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. மேஸ்திரி போட்ட ஒயரெல்லாம் பானட்டுக்குள் கழன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியும் பல்பு எரிகிறது. அப்படியானால் குறை அவர் ஒயரில் இல்லை. மிச்சம் இருப்பது மீட்டருக்குப் போகிற பழைய ஒயர் ஒன்றுதான். இடது பக்கம் திரும்பும்போது எதுவோ வலது பக்கம் நகர்ந்து போய்த் தொடுகிறது. சோளக்காடு ரோட்டில் மெதுவாகத் திரும்பினால் அது நகராது. குறையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைக் கையில் பிடித்துக் காட்டி, மேஸ்திரி ஒயரில் ஒரு குறையும் இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமாகப் பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அரியூரில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். மரவள்ளிக் காட்டில் ஆள் வேலை செய்கிறார்கள் என்று வேலுச்சாமி அந்தப் பக்கம் போனார். நான் பேட்டரி எர்த்தைக் கழற்றித் துணி கட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து மீட்டருக்குப் பின்னால் கை விட்டேன். விரலில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன்.

மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு செப்புத் தகடு. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு இருக்கும். துணி ஒரு ஓரத்தில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தகட்டின் முனை தெரிந்தது. முனையில் கரண்ட் தாக்கிய கறுப்புப் புள்ளிகள். உள்ளே கட்டம் போட்டு ஏதோ எழுத்து.

"அண்ணா."

வேலுச்சாமியின் சம்சாரம் மல்லிகா டீ டம்ளரோடு நின்றார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் டம்ளரைக் காரின் மேலேயே வைத்துவிட்டார். திரும்பி வீட்டைப் பார்த்தார். உள்ளே மாமியார் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, அத இருந்த எடத்துலயே வெச்சிருங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இதாலதாங்க ஃபியூஸ் போகுதுங்க."

அவருக்கு அது புரியவே சிறிது நேரம் ஆனது. "அது அவரு பத்தரமா வந்து சேரணும்னு பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்குனதுண்ணா" என்றார். "வண்டி ரிப்பேர் முடிஞ்சு வந்த மறுநாளு நாந்தான் வெச்சேன். இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா..." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். மல்லிகா அடிவாரத்தில் இருந்து வாக்கப்பட்டு வந்தவர். அந்த வீட்டில் நல்லது நடந்தால் குலசாமி, கெட்டது நடந்தால் கீழ்நாட்டுக்காரி. கொழுந்தன் கால் போனதில் இருந்து மாமியார் பேச்சு இன்னும் மோசமாகிவிட்டது என்று ஊரே பேசியது. அந்தக் காருக்குள் இருந்து ஒரு செப்புத் தகடு வெளியே வந்தால் அது பாதுகாப்புக்கு வைத்தது என்று யார் நம்புவார்கள்? செய்வினை என்பார்கள். மோதிய பிறகு வைத்தது என்று சொன்னாலும், மோதுவதற்கு முன்பே இருந்தது என்பார்கள். மீட்டரைத் துடைத்து மூடிய நான் ஒருத்தன்தான் சாட்சி. ஐந்தாவது படித்த, நாலு பேர் முன்னால் வாய் வராத சாட்சி.

நான் தகட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கழற்றிய ஒயரையெல்லாம் மாட்டினேன். வேலுச்சாமி வந்ததும், குறை போய்விட்டது, சாயங்காலம் மேஸ்திரி வந்து விவரம் சொல்வார் என்று சொல்லிவிட்டுச் சோளக்காடு பஸ் ஏறினேன்.

மேஸ்திரி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஒயரில் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பார்த்தேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் இருக்கிற ஆறுதல்.

"அப்ப என் கை போகலீங்கற" என்றார்.

"போகலீங்க."

எழுந்து போய்க் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தகட்டை அதே மஞ்சள் துணியில் சுற்றினார். கருகிய ஓரம் உள்ளே வருகிற மாதிரி மடித்தார். அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். சரிபாதி, சரிபாதியாக ஏற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல், செப்பு எங்கேயும் எட்டிப் பார்க்காத மாதிரி சுற்றினார். கத்தரியால் வெட்டி முனையை மடித்துவிட்டார்.

"அந்தப் புள்ள ஆசைப்பட்டு வெச்சது. இனி எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. இருந்த எடத்துலயே நகராம வெச்சுக் கட்டீரலாம், வா" என்றார்.

சாயங்காலம் இரண்டு பேரும் அரியூர் போனோம். மீட்டருக்குப் பின்னால் ஒயர்க்கட்டோடு சேர்த்து நான் அதைக் கட்டினேன். அவர் வாசலில் வேலுச்சாமி முன்னால் நின்றார். கந்தசாமி கட்டிலில் இருந்தான். கதவு பாதி சாத்தியிருந்தது.

"என்னங்க மேஸ்திரி, உங்க ஒயரா, பழைய ஒயரா?" என்று வேலுச்சாமி நேராகவே கேட்டார்.

"என்னுதுங்க. மீட்டர்கிட்ட உரசியிருந்துச்சு. நான் கவனிக்கலீங்க. தப்பு என்னுதுதானுங்க."

நான் காருக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேலுச்சாமி பேசியதையெல்லாம் எழுத வேண்டாம். கந்தசாமியும் சேர்ந்து கத்தினான். மேஸ்திரி தலையைக் குனிந்தபடியே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "பழைய ஒயருன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க? யாரு மேலயும் பழி இல்லாமப் போயிருக்கும்."

"பழைய ஒயருன்னா வண்டி பூராவும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவாரு. வேற ஷெட்டுக்கு அனுப்புவாரு. எவனாவது அதப் புடுங்கி வாசல்ல போடுவான். என் ஒயருன்னு சொன்னா என்னயத் திட்டறதோட நின்னு போகும் கண்ணு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீயும் சொல்லாத. அந்தப் புள்ளையா வந்து சொன்னா ஒழிய" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் காரில் ஃபியூஸ் போகவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஒரு ஷெட்டுக்கு மலையில் பேர் வர எத்தனையோ வருஷம் ஆகும், போக ஒரு சந்தை நாள் போதும். ஜீப்காரர்கள் வேலையைக் கீழே கொண்டு போனார்கள். வந்தவர்களும் அவரைத் தாண்டி என்னிடம் வந்து, "நீயே பாத்துரு" என்று காதோடு சொன்னார்கள். அவருக்கு அது கேட்டது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜ் போடுவது என்று ஒதுங்கிக்கொண்டார். தன் கை போகவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் அந்தக் கையால் ஒயரைத் தொடவில்லை. யாரும் கொடுக்கவில்லை.

சில வருஷத்தில் இறந்துபோனார். சாவுக்கு வேலுச்சாமி மாலை கொண்டு வந்தார். என் தோளில் கை வைத்து, "நல்ல மனுசன். கடைசில கொஞ்சம் கை தப்பிருச்சு, அவ்வளவுதான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மல்லிகா பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி சொல்லைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவர் உடலுக்கு முன்னால் அப்படி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

இந்த வருஷம் கோடையில் குமார் என் வீட்டுக்கு வந்தார். வேலுச்சாமி காலமாகி, அந்த அம்பாசடர் கொட்டகையில் கிடந்து, இப்போது அவருடைய மருமகன் அதை ஓட வைக்க ஆசைப்பட்டுக் குமாரிடம் விட்டிருக்கிறார். டேஷ்போர்டைக் கழற்றியபோது ஒரு பொட்டலம் கிடைத்ததாம்.

"ஏனுங்கண்ணா, இது என்னன்னு தெரியுதுங்களா? எந்த ஒயரோடயும் சேரல. ஆனா சுத்தியிருக்கற அழகப் பாருங்க. எவனோ பெரிய கைகாரன்."

கறுப்பு டேப் வெளுத்திருந்தது. பசை இறுகியிருந்தது. சரிபாதிச் சுற்று அப்படியே இருந்தது. முனையில் அந்த மடிப்பும் இருந்தது. என் விரலுக்கு உணர்ச்சி இல்லை, இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். அழுதுவிட்டேன். குமார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். விவரம் அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அரியூர் போய் மல்லிகாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. அது என்ன என்று முதலில் தெரியவில்லை. நான் சொன்னதும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டேப்பைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க தூக்கி எறிஞ்சிருப்பீங்கன்னு நெனச்சிருந்தேன். அவரு இத இப்படிச் சுத்தி மறுபடி வெச்சது எனக்குத் தெரியாதுண்ணா" என்றார். "அன்னைக்கு அவரு தப்பு என்னுதுன்னு சொன்னத நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ஒரு நாளாச்சும் சோளக்காடு போயி அவரு முன்னால நின்னு ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன். பஸ்ஸுல அந்த ஷெட்டத் தாண்டிப் போவேன், எறங்க மாட்டேன். அப்படியே போயிருச்சு."

நான் எழுதலாமா என்று கேட்டேன். மாமியாரும் வீட்டுக்காரரும் போய்விட்டார்கள், கொழுந்தன் இருக்கிறார். "அவருகிட்ட நானே மொதல்ல சொல்லணும். அது வரைக்கும் பொறுங்கண்ணா" என்றார். பொட்டலத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது இனி உங்ககிட்ட இருக்கட்டும்."

காத்திருந்தேன். ஆடி போனது, ஆவணி போனது. எனக்குச் சொல்லி அனுப்பவே மாட்டார் என்று நினைத்தேன். போன வாரம் அவரே சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, குமார் ஷெட்டுக்கு வந்து, என்னைக் கூப்பிட்டுவிடச் சொன்னார். நான் போனபோது மேஸ்திரி உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இப்போது கம்ப்ரசர் இருக்கிறது.

"சொல்லிட்டேண்ணா. கொழுந்தனாரு என்னயத்தான் என்னமோ சொல்லப்போறாருன்னு நின்னேன். அப்பறம், 'அந்த மேஸ்திரியப் பாத்து நானுந்தான அண்ணி கத்துனேன்'னாரு. எந்திரிச்சு நொண்டி நொண்டி வெளிய போயிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க. என்ற பேரப் போட்டே எழுதுங்க" என்றார்.

அன்றைக்கு ஷெட்டில் இருந்த பையன்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

நேற்று ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற என் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். பக்கத்தில் அந்தப் பொட்டலத்தையும் வைத்துச் சந்தனம் தொட்டு வைத்தேன். பிரித்துப் பார்க்கலாமா என்று குமார் கேட்டார். பிரிக்க வசதியாகத்தான் மேஸ்திரி முனையை மடித்து வைத்திருக்கிறார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆயுதத்தை எடுக்கக் கூடாத நாள் என்பதால் பேனாவையும் தொடவில்லை. இன்றைக்குக் காலையில்தான் எடுத்தேன்.

இதைப் படிக்கிற தொழில்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிப்பேர் செய்து அனுப்பிய வண்டி திரும்பி வந்தால் முதலில் உங்கள் கை பட்ட இடத்தைப் பாருங்கள், அது சரியான முறைதான். அங்கே இல்லை என்றால், அதற்குப் பிறகு வேறு யார் கையாவது பட்டதா என்று கேளுங்கள். வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பெரியண்ணன் போட்ட ஒயரில் ஒரு குறையும் இல்லை.

விஜயதசமி, புரட்டாசி மாதம்.